உட்கார இடம் இருந்தால் அம்மா வெளியே வருவார்

நுரையீரல் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழப் பையை மேஜையில் வைத்த கையோடு சொல்வது ஒன்றுதான்: "நல்லா ரெஸ்ட் எடுங்க, எங்கயும் அலையாதீங்க." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவருக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. நடந்தால் மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்த கால், அதே பத்தடி தூரத்துக்கு முன்னைவிட அதிகக் காற்றைக் கேட்கிறது. அதனால் இன்னும் இளைக்கிறது, இன்னும் குறைவாக நடக்கிறார்கள். எங்கள் அம்மா கூடத்துக்கும் கழிவறைக்கும் இடையில் ஒடுங்கிப்போனதற்குக் காரணம் நுரையீரல் பாதி, இந்தச் சுற்று பாதி.

அம்மா பீடி, சிகரெட் புகையை அருகில் விட்டவரில்லை. அவர் குடித்தது அடுப்புப் புகை. உசிலம்பட்டிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஜன்னல் இல்லாத அடுப்படி, ஈர விறகு, ஊதாங்குழல். காஸ் அடுப்பு வந்து சேர்ந்தபோது நெஞ்சுக்குள் ஆக வேண்டியதெல்லாம் ஆகியிருந்தது. நம் ஊர்களில் புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு விறகும் வறட்டியும் பெரிய காரணம். "சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்ட டாக்டர்களில் அடுப்பைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான். அவரிடமே தொடர்ந்து காட்டுகிறோம்.

மதுரையில் என் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தபோது, கூடவே சுமார் 15 கிலோ எடையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் வந்தது. சுவரில் செருகினால்தான் ஓடும். மூக்கில் மாட்டிய குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவர் போக முடிந்த தூரம். அப்படி இருக்கையில் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா இறந்துபோனார். அம்மாவால் போக முடியவில்லை. கேதத்துக்குப் போகாமல் இருந்ததை அவர் தன் நோயைவிடப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டார். "செத்த வீட்டுக்குக் கூடப் போக முடியாதவ உசுரோட இருந்து என்ன பாப்பா?" என்று கேட்டார். அவரை வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்தக் கேள்வியால்தான். மாறுதலுக்காகவோ நல்ல காற்றுக்காகவோ அல்ல. அம்மாவுக்கு வெளியே வேலை இருந்தது.

முதலில் டாக்டரிடம் போனோம். பெரும்பாலும் சீட்டில் எழுதித் தருவது உட்கார்ந்திருக்கும்போது எத்தனை லிட்டர் என்பதை மட்டும்தான். நடக்கும்போது உடம்பு கேட்கும் அளவு வேறு. ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கவைத்து, எவ்வளவு தூரம் போகிறார், அளவு எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதைச் செய்தபிறகு உட்கார்ந்திருக்க 1 லிட்டர், நடக்க 2 லிட்டர் என்று அம்மாவுக்குத் தனித்தனியாக எழுதித் தந்தார். இன்னொன்றும் சொன்னார். நமக்கெல்லாம் 95க்கு மேல் இருந்தால் நல்லது என்று கொரோனா காலத்தில் மனப்பாடம் ஆகிவிட்டதே, அது இவர்களுக்குப் பொருந்தாது. சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். எண் குறைகிறதே என்று வீட்டில் இருப்பவர்கள் குமிழைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டினால், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கமாகத் தூங்க ஆரம்பித்துவிடுவார்கள். நன்றாகத் தூங்குகிறார் என்று நாம் கதவைச் சாத்திவிட்டுப் போவோம். ஆபத்து அங்கேதான்.

வெளியே கொண்டுபோக என்ன வாங்குவது என்பது அடுத்த கேள்வி. தோளில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. லட்சத்தைத் தாண்டும். அதில் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று வரும் வகையில், 2 என்ற எண்ணில் வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள் இல்லை. நோயாளியை நடக்கவைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நாங்கள் சின்ன அலுமினிய சிலிண்டரோடு நிறுத்திக்கொண்டோம். கணக்கு எளிது. சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் பெருக்க வேண்டும். 1.7 லிட்டர் கொள்ளளவு, மீட்டரில் 150 என்றால் உள்ளே சுமார் 255 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் ஏறக்குறைய 2 மணி நேரம். பி டைப் எனும் கறுப்பு இரும்பு சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், 12 மணி நேரம் தாங்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கேதத்துக்குப் போக முடியாது. அது வீட்டு மூலையில், மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபி கரண்ட்டை நிறுத்தும் நாளுக்காக நிற்கிறது.

இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. போக ஒரு பங்கு, அங்கே இருந்து திரும்பி வர ஒரு பங்கு, ஆட்டோ கிடைக்காமல் போனாலோ ரயில்வே கேட் மூடியிருந்தாலோ ஒரு பங்கு. நாங்கள் இன்றும் மூன்றாகத்தான் பிரிக்கிறோம். கிளம்பும் முன்பு மீட்டரைப் பார்ப்பது அம்மாவின் வேலை. "நூத்தி நுப்பது இருக்கு, காணும்" என்று அவர்தான் சொல்ல வேண்டும். தன் காற்றின் கணக்கு தன் கையில் இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. சிலிண்டரைத் திறக்கும் சாவியை என் ஹேண்ட்பேக்கில் போட்டு வைத்திருந்தேன். அதையும் வாங்கித் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறி பிடித்ததுபோல எரியவைக்கும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் இதைப் புரியவைக்க வேண்டும். நம் வீடுகளில் நெருப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை. சாமி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், கோயிலில் சூடத் தட்டு. அர்ச்சகர் தட்டை முகத்துக்கு நேரே நீட்டுவார், அம்மாவும் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக் குனிவார். நாங்கள் பத்தடி தள்ளித்தான் நிற்கிறோம். நான் போய் ஒற்றிக்கொண்டு வந்து அவர் கண்ணில் வைக்கிறேன். குழாயைக் கழற்றிவிட்டாலும் சேலையிலும் முடியிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், உடனே அடுப்படிக்குள் போகக் கூடாது. எண்ணெய் விஷயமும் உண்டு. குழாய் உரசி மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ தைலமோ தடவத்தான் கை போகும். கூடாது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொடவும் கூடாது.

சக்கர நாற்காலியா, வாக்கரா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. அண்ணன் சக்கர நாற்காலிக் கட்சி. நான்கு சக்கரமும் கைப்பிரேக்கும், நடுவில் உட்காரப் பலகையும் உள்ள வாக்கரைக் காட்டியவர் ஆஸ்பத்திரியில் இருந்த பிசியோதெரபிஸ்ட். மூச்சு நோய்க்காரர்களுக்கு அதில் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. இரண்டு கையையும் ஊன்றிச் சற்றே முன்னால் சாயும்போது தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ விடுபடுகின்றன. வெறுங்கையோடு நடந்ததைவிட அம்மா அதைப் பிடித்துக்கொண்டு கூடுதல் தூரம் போனார். சிலிண்டருக்கும் அதன் கூடையில் இடம் கிடைத்தது. வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள். சின்னச் சக்கரம் ஆஸ்பத்திரி டைல்ஸுக்குத்தான் சரி. நம் தெருவில் ஜல்லியும் மணலும் பாதாளச் சாக்கடை மூடியும் இருக்கின்றன. எட்டு அங்குலத்துக்குக் குறைந்த சக்கரத்தைத் தொட வேண்டாம். உட்காரும் முன்பு பிரேக்கை அமுக்கிப் பூட்டுவது கைப்பழக்கமாகும்வரை வீட்டுக்குள்ளேயே பழக்கினோம். சக்கர நாற்காலியையும் பின்னால் வாங்கினோம்தான், ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும். அதில் உட்கார்ந்தால் அம்மாவின் முகம் மாறிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் காசு கொடுத்தால் வருவது. காசு கொடுத்தும் கிடைக்காதது உட்கார ஓர் இடம்.

நீங்கள் இருக்கும் தெருவில் நூறடிக்கு ஒருமுறை உட்கார வேண்டிய ஒருவரின் கண்ணோடு நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. இப்போது கேட், கேட்டுக்கு வெளியே சறுக்கு, சறுக்கின் ஓரத்தில் செடி. நடைபாதை இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்பார்மர். வாக்கரிலேயே பலகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நடுத்தெருவில், எதிரே பைக்குகள் வரும்போது, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கு அம்மா தயாராக இல்லை. ஓரமாக, ஒரு காரணத்தோடு உட்கார வேண்டும் அவருக்கு.

அதனால் ஒருநாள் நான் மட்டும் தனியே தெருவில் இறங்கி இடம் கேட்டேன். மூன்றாவது வீட்டு வாசலில் இஸ்திரி வண்டி. அந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும், துணி வைக்கும் ஸ்டூலைக் காலி பண்ணித் தருகிறேன், கரிப் பெட்டியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன் என்றார். நெருப்பைப் பற்றி நான் சொல்வதற்கு முன்பே அவர் யோசித்தது ஆச்சரியம். அடுத்து டெய்லர் அக்காவின் கடை, பிறகு முனையில் மளிகைக் கடை. கடைக்காரர் எண்ணெய் டின்களை நகர்த்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மளிகைக் கடை தாண்டினால் பிள்ளையார் கோயில் மேடை. வாசலிலிருந்து கோயில் வரை இப்படி நான்கு நிறுத்தங்கள். முதலில் இஸ்திரி வண்டி வரை போய்த் திரும்பினார். அங்கே உட்கார்ந்து யார் வீட்டுத் துணி எப்படித் துவைத்திருக்கிறது என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டு வருவார். கால் தேறத் தேற அடுத்த நாற்காலி. அவசரப்படுத்தியதில்லை. மளிகைக் கடை வந்துவிட்ட பிறகு நடை தானாக வளர்ந்தது. கத்தரிக்காயை நான் பார்த்து வாங்கினால் சொத்தை இருக்குமாம், அவர் விரலால் அமுக்கிப் பார்த்து எடுக்க வேண்டுமாம். "வாக்கிங் போகலாம்மா" என்று கூப்பிட்டால் வராதவர், கத்தரிக்காய்க்கு வருவார்.

நடக்கும்போது மூச்சு விடும் முறை ஒன்றைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தந்தார். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். இழுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போகாததைவிட, போன காற்று வெளியே வராமல் அடைபடுவதுதான் பெரிய தொல்லை. படி ஏறும்போதும் எழுந்திருக்கும்போதும், அதாவது சிரமப்படும் அந்த நொடியில், மூச்சை விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். நாம் எல்லோரும் தம் கட்டித்தான் பழகியிருக்கிறோம். ஆட்டோவில் ஏறுவதற்கு: முதுகைக் காட்டி நின்று, மூச்சை விட்டுக்கொண்டே முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுப்பது. காலை முதலில் தூக்கி வைத்து எம்புவதில் உள்ள மூச்செல்லாம் தீர்ந்துவிடும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால் திரும்புவதற்கு வழுக்கிக்கொடுக்கும்.

வெளியே கிளம்பும் நாளின் மூச்சை வீட்டுக்குள்ளேயே செலவழித்துவிடக் கூடாது. குளிப்பதும் தலை சீவிக் கொண்டை போடுவதும் இவர்களுக்குப் பெரிய உழைப்பு. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே இளைக்கும். காலையில் போக வேண்டுமானால் முந்தின நாள் மாலையே குளித்துவிடுவார். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது, அதனால் இரண்டு இட்லியோடு சரி. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரைக் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு இழுத்துக்கொள்வார். ஆக்சிமீட்டர் கையோடு இருக்கும், ஆனால் அடிக்கடி பார்க்க நான் விடுவதில்லை. மருதாணி வைத்த விரலிலும், குளிர்ந்த விரலிலும், ஆடிக்கொண்டிருக்கும் விரலிலும் அது பொய் சொல்லும். எண்ணை நம்பி முகத்தைப் பார்க்காமல் விடுவது பெரிய தப்பு. உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, உதடு குவித்து மூச்சு விட்டும் சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ 108தான். அதில் இரண்டாவது யோசனை இல்லை.

சிறுநீர்ப் பிரச்சினையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நுரையீரல் கெட்டால் இதயத்தின் வலப்பக்கம் களைத்துக் கால் வீங்கும். அதற்குத் தரும் நீர் மாத்திரையைப் போட்டால் சில மணி நேரத்துக்குக் கழிவறையை விட்டு நகர முடியாது. வெளியே போகும் நாளில் பெண்கள் செய்வது இரண்டு: மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. முதலாவதில் வீக்கம் ஏறும், இரண்டாவதில் சளி இறுகும். மாத்திரையைத் திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு, எங்களுக்கு அனுமதி வாங்கிக்கொண்டோம். அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், இதைப் படித்துவிட்டு மாற்றக் கூடாது. போகும் இடத்தில் மேற்கத்தியக் கழிவறை இருக்கிறதா என்று முன்பே போன் செய்து கேட்பதில் எனக்கு வெட்கமே இல்லை. கல்யாண வீட்டாரிடம் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்.

பார்க்கிறவர்களின் கண்ணுக்கு மருந்து கிடையாது. மூக்கில் குழாயைக் கண்டால் இன்றும் "கொரோனாவா?" என்று நகர்ந்து உட்காருகிறார்கள். ஆரம்பத்தில் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார், அதில் மூச்சு இன்னும் முட்டியது. மளிகைக் கடையில் ஒரு சின்னப் பையன் நேராக, "இது என்ன பாட்டி?" என்று கேட்டான். "அடுப்பூதுன கூலிடா" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதே பதில்தான். முந்தானை கீழே இறங்கிவிட்டது.

எல்லாவற்றுக்கும் சரி சொல்லவும் கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றார். முடியாது என்றேன். அந்தக் கூட்டத்தில் திடகாத்திரமானவர்களுக்கே மூச்சு முட்டும், கையில் சர்க்கரைச் செம்பு வைத்துச் சூடம் ஏற்றி நிற்பார்கள். ஆனால் அழகர் ஒரு இடத்தில் மட்டும் நிற்கிற சாமி இல்லை. அழகர்கோயிலிலிருந்து வண்டியூர் வரை வழிநெடுக மண்டகப்படிகள். தெரிந்தவர் வீடு ஒன்று அந்த வழியில் இருந்தது. வாசலை விட்டு உள்ளே தள்ளி, வராந்தாவில் நாற்காலி போட்டு, நேரம் விசாரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். கள்ளழகர் அவரைத் தேடி வந்தமாதிரி ஆயிற்று. சாமியிடம் போக முடியாவிட்டால் சாமி வரும் வழியில் போய் உட்காரலாம். கேதத்துக்கும் இப்போது அப்படித்தான். எடுக்கும் நேரத்துக் கூட்டத்தில் போவதில்லை, மூன்றாம் நாள் காலையில், வீடு ஓய்ந்திருக்கும்போது போகிறோம். அழுவதற்கும் மூச்சு வேண்டும் என்பதால் அம்மா அளவாக அழுகிறார்.

2024 ஏப்ரல் 19 அன்று வாக்களிக்கவும் போனார். வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி 85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 சதவீத ஊனம் உள்ளவர்களுக்கும்தான். அம்மா இரண்டிலும் வரமாட்டார். வாக்குச்சாவடி தரைத்தளத்தில், சறுக்குப் பாதையோடு இருந்ததால் வரிசையில் நிற்காமல் போய் மையை வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அந்த நாளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லை. நூறடி நடக்க ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவர், சட்டத்தின் கண்ணில் நடக்க முடிந்தவர். அடையாள அட்டை இல்லை, அதை வைத்துக் கிடைக்கும் சலுகை எதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் வேறு வகைகளைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. சேர்க்க வேண்டும். அதற்கிடையில், வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் வாய்ப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

அம்மாவின் நோய் குணமாகவில்லை, ஆகாது என்று அவருக்கும் தெரியும். மழைக்காலத்திலும் போகிப் புகையின்போதும் வெளியே வருவதே இல்லை. சளி பிடித்தால் முதல் நாற்காலியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். மற்ற நாட்களில் தெருமுனை வரை தன் காலில், வண்டியூர் தெப்பக்குளம் வரை ஆட்டோவில்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் தெருவை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலோரம் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். யாராவது வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால் என்ன ஏது என்று உடனே கேட்காதீர்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.